வேகாத நாவுக்கு ஒரு கும்பிடு

சீனாவின் சியான் நகருக்குத் தென்மேற்கே, சோங்னான் மலையடிவாரத்தில் இருக்கிறது சாவ்தாங் கோயில். பெயருக்குக் கூரைக் கொட்டகை என்று அர்த்தம். 1,600 வருஷங்களுக்கு முன் பௌத்த பிக்கு குமாரஜீவர் உட்கார்ந்து சூத்திரங்களைச் சீன மொழியில் பெயர்த்துச் சொன்ன இடம். இங்கே வர வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

நேரே அவருடைய ஸ்தூபிக்குத்தான் போனேன். ஒரு மண்டபத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பல நிறக் கற்களை அடுக்கிச் செய்தது. அடியில் அலையும் மேகமும் மலையுமாகச் செதுக்கல், நடுவில் எட்டுப் பட்டை, உச்சியில் வீட்டுக் கூரை மாதிரி ஒரு கூரை. மூன்று முறை சுற்றி வந்தேன். கண் கலங்கிவிட்டது.

அவர் பட்ட பாடு அப்படி. அப்பா இந்தியர், அம்மா, பட்டுப்பாதையில் இருந்த கூச்சா நாட்டு அரசரின் தங்கை. 384இல் சீனத் தளபதி லூ குவாங் கூச்சாவை வென்று இவரைச் சிறைபிடித்தார். சீனாவின் வடமேற்கில் இருக்கும் லியாங்சோவில் சுமார் 17 வருஷம் முடங்கிக் கிடந்தார். சீனம் அவர் நாவில் படிந்ததும் அந்த வருஷங்களில்தான். 401இல் அரசர் யாவ் சிங் சாங்கானுக்கு, அதாவது இன்றைய சியானுக்கு, வரவழைத்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த அரசரே அவரைத் துறவு நெறி தவறச் செய்து, பெண்களோடு வாழவும் வைத்தார். அதற்குப் பிறகு உபதேசம் செய்யும்போதெல்லாம், “சேற்றில் தாமரை பூக்கிறது. தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள், சேற்றை எடுக்காதீர்கள்” என்பாராம். தன்னையே சேறு என்று சபையில் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

மொழிபெயர்ப்பை அவர் தனியாகச் செய்யவில்லை. அவர் மூல ஏட்டைப் பிடித்துச் சொல்லச் சொல்ல, அரசர் பழைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்து ஒப்பிடுவார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பிக்குகள். தாமரைச் சூத்திரத்தில் ஓர் இடம். ‘தேவர் மனிதரைக் காண்பர், மனிதர் தேவரைக் காண்பர்’ என்று பழைய பாடத்தில் இருந்தது. பொருள் சரி, நடை முரடாக இருக்கிறதே என்றார் குமாரஜீவர். சீடர் செங்ருய், ‘மனிதரும் தேவரும் கூடி, ஒருவரையொருவர் காண்பர்’ என்று வைக்கலாமா என்றதும், “அதேதான்!” என்று மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். இத்தனைக்கும், மொழிபெயர்ப்பு என்பது மென்ற சோற்றை இன்னொருவருக்கு ஊட்டுவது மாதிரி, ருசி போவதோடு குமட்டவும் செய்யும் என்று சொன்னவரும் அவரே.

சாகும் தறுவாயில், “என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லையென்றால் உடல் எரிந்தாலும் நாக்கு வேகாமல் இருக்கட்டும்” என்றார். நாக்கு வேகவில்லை என்கிறார்கள். நான் அதை நம்புகிறேன்.

அப்புறம் மூங்கில் தோப்புப் பக்கம் போனேன். ஒரு பாட்டி மடியில் சூத்திரப் புத்தகத்தை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அமிதாப சூத்திரம் என்றார் உடன் வந்த நண்பர். எட்டிப் பார்த்ததும் பாட்டி சிரித்தபடி முதல் பக்கத்துக்குத் திருப்பி, தலைப்புக்குப் பக்கத்து வரியில் விரலை வைத்தார். நண்பர் படித்துச் சொன்னார்: “திரிபிடக ஆசாரியர் குமாரஜீவர் மொழிபெயர்த்தது.” பாட்டி ஸ்தூபி இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். முடிக்கும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.