1972 ஃபோர்டு எஃப்-100: ஸ்பார்க் வராத ஒன்பது நாட்கள்

மார்ச் 9, 2024, சனி

ஓஹையோவில் குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது, கராஜ் கதவைத் திறந்து வைத்து வேலை பார்க்க முடிந்தது. என் பழைய பிக்கப் டிரக்கில், ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட், அதோடு வரும் கண்டென்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபோர்டு பிற்காலத்தில் தன் வண்டிகளில் போட்ட டுராஸ்பார்க் II எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டிவிட்டேன். 300 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கிறது, பாயிண்ட்தான் தேய்ந்து தேய்ந்து இடைவெளி மாறிக்கொண்டே இருந்தது.

ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ரீபில்ட் செய்தது, புதுப் பெயின்ட்டோடு பளபளவென்று வந்தது. சாயங்காலம் செல்ஃப் அடித்தேன். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் காயிலின் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால் ஒரு பொறிகூட இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

சாவி ஆனில் இருக்கும்போது காயிலின் ப்ளஸ்ஸில் 12.4 வோல்ட். மைனஸில் டெஸ்ட் லேம்ப் வைத்து, மகளை உட்கார வைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். லேம்ப் விட்டு விட்டு எரிய வேண்டும், ஆனால் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. அதாவது, காயிலை எர்த்தோடு சேர்த்தும் பிரித்தும் ஸ்பார்க் வரவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான மாட்யூல், அதைச் சேர்க்கவே இல்லை. மாட்யூல்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டிக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினேன். எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

மார்ச் 12, செவ்வாய்

புது மாட்யூலிலும் அதே கதை.

மார்ச் 16, சனி

இன்று பொருளை மாற்றுவதில்லை, அளந்து மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. ஆரஞ்சும் ஊதாவும், இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து மாட்யூலுக்குச் சிக்னல் கொடுக்கும் பிக்கப் காயிலுக்கு: இரண்டுக்கும் நடுவே 640 ஓம், சரியான அளவுதான். செல்ஃப் அடிக்கும்போது ஏசி வோல்ட்டேஜும் வருகிறது, ஆகவே பிக்கப் நன்றாக இருக்கிறது. மூன்றாவது கருப்பு. அதிலிருந்து பேட்டரி மைனஸுக்கு அளந்தால் மீட்டர் அசையவே இல்லை, அதாவது இணைப்பே இல்லை.

இதை நான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாட்யூல் பெட்டியை ஃபெண்டரில் திருகிவிட்டால் எர்த் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். இந்த மாட்யூலுக்கு எர்த் அந்தக் கருப்பு ஒயர் வழியாக, டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது. மூடியையும் ரோட்டரையும் எடுத்துப் பார்த்தால், கருப்பு ஒயரின் தகடு திருகப்பட்டிருக்கும் இடம், திருகு மரை உட்பட, முழுக்கப் பெயின்ட். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முறுக்கினேன். இப்போது 0.2 ஓம்.

சாவியை ஆன் செய்து காயில் ப்ளஸ்ஸை மறுபடி பார்த்தேன்: 12.4 இருந்த இடத்தில் இப்போது 7 வோல்ட் சொச்சம். காயிலுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் ஒயரில் கரண்ட் ஓடினால்தான் வோல்ட்டேஜ் இறங்கும். ஆக, போன ஞாயிறு பார்த்த அந்த முழு 12.4, நல்ல சப்ளைக்கு அடையாளமே இல்லை, காயிலில் கரண்ட் ஓடவில்லை என்பதற்கான அடையாளம்.

இத்தனைக்கும் அப்புறம் செல்ஃப் அடித்தால், இன்னமும் பிடிக்கவில்லை! மகள் சலித்துப்போய்ச் சாவியை விட்ட அந்த நொடியில் மட்டும் இன்ஜின் 'டப்' என்று ஒரு உதை உதைத்தது. "அப்பா, நான் விட்டதும்தான் சத்தம் வந்துச்சு" என்றாள். மறுபடி அடிக்கச் சொன்னேன், மறுபடியும் விடும்போதுதான் உதைத்தது.

மார்ச் 17, ஞாயிறு

அவள் சொன்னதை வைத்துக்கொண்டே இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். காலையில் சாவியை ஆனில் விட்டுவிட்டு, பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஸ்டார்டர் ரிலேயில் ரிமோட் பட்டனை மாட்டி இன்ஜினைச் சுற்றினேன். டெஸ்டரில் நீலமும் வெள்ளையுமாக நல்ல தடித்த ஸ்பார்க்! சாவியால் சுற்றினால் ஒன்றுமில்லை. இன்ஜின் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, சாவி நிற்கும் இடம் மட்டும்தான் வேறு.

மாட்யூலின் சிவப்பு ஒயரை நான் ஹீட்டர் ஃபேனுக்குப் போகும் லைனில் சேர்த்திருந்தேன், கைக்கு எட்டியது அதுதான். ஆனில் அங்கே 12 வோல்ட் இருக்கிறது, சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பியதும் பூஜ்யம். செல்ஃப் அடிக்கும்போது மாட்யூலுக்குக் கரண்ட் கொடுக்கத்தான் வெள்ளை ஒயர் என்று ஒன்று இருக்கிறது. சிவப்பில் ஸ்டார்ட்டிலும் கரண்ட் இருந்தால் வெள்ளை தேவையில்லை என்று படித்ததை நம்பி அதை டேப் சுற்றி விட்டிருந்தேன். எர்த் இல்லாவிட்டாலும் சரி, கரண்ட் இல்லாவிட்டாலும் சரி, டெஸ்ட் லேம்ப் ஒரே மாதிரிதான் எரியும், அதனால்தான் இரண்டு கோளாறும் ஒன்றாகவே தெரிந்தன.

சிவப்பை ரெசிஸ்டன்ஸ் ஒயருக்கு முன்னால், முழு 12 வோல்ட் வரும் இக்னிஷன் லைனில் சேர்த்து சால்டர் வைத்தேன். வெள்ளையை ஸ்டார்டர் ரிலேயில், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட் வரும் எஸ் முனைக்குக் கொண்டுபோனேன். மகள் சாவியைத் திருப்பினாள், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டது. ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை முறுக்கி முடிக்கும்போது மணி நாலு. மதியச் சாப்பாடு இன்னும் மேசையில் ஆறிப்போய் இருக்கிறது, பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.