வால் இரண்டு, எஞ்சின் ஆறு

"இவ்வளவு பெரிய விமானம் எதுக்கு மாமா?" என்று மருமகன் கேட்டான். அன்டனோவ் 225 மிரியாவைத்தான். எனக்கு உயிரான விமானம், சும்மா விடுவேனா?

சோவியத் காலத்தில் புரான் விண்ணோடத்தை முதுகில் சுமக்கவே கீவ் நகரில் அதை வடிவமைத்தார்கள். முதலில் பறந்தது 1988 டிசம்பரில். அதன் வாலைப் பாருங்கள். முதுகில் சுமை இருந்தால் பின்னால் காற்று கலங்கும், நடுவில் நிற்கும் ஒற்றை வால் சரியாக வேலை செய்யாது. அதனால் செங்குத்து வாலை இரண்டாக்கி இரு ஓரத்திலும் வைத்தார்கள். என்ன அழகான யோசனை! சாமான் ஏற்றும்போது மூக்கு அப்படியே மேலே திறக்கும், விமானம் யானை மாதிரி முன்னால் குனிந்து கொடுக்கும். 32 சில்லு. புறப்படும்போது 640 தொன் வரை எடை.

மட்டக்களப்பில் சின்ன விமானங்களையே பார்த்த பிள்ளைக்கு 88 மீற்றர் இறக்கை எப்படிப் புரியும்? கல்லடிப் பழைய பாலத்துக்குக் கூட்டிப்போய் அவ்வளவு தூரம் நடந்தே காட்டினேன். வாயைப் பிளந்துவிட்டான்.

பறந்தது அந்த ஒன்றுதான். 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்தபோது, கீவ் அருகே உள்ள ஹொஸ்டொமெல் விமானத்தளத்தில் நடந்த சண்டையில் அழிந்துபோனது. இரண்டாவதைக் கட்டத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். அதையாவது முடித்துப் பறக்கவிட வேண்டும்.