சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் லண்டன் போக விசா வேண்டாம். ஆனால் ஈடிஏ வேண்டும்

திருப்பூர், கோவைப் பக்கம் அப்பா அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட்டும், பையனிடம் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. குடும்பமாக லண்டன் கிளம்பினால் பெரியவர்களுக்கு முழு விசா. பையனுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ (ETA) என்ற மின்னணு பயண முன் அனுமதி கட்டாயம். கைக்குழந்தையானாலும் தனியாக ஒன்று எடுக்க வேணுங்க.

விண்ணப்பம் பிரிட்டன் அரசின் செயலியிலேயே முடிந்துவிடும். 2025 ஏப்ரலில் கட்டணம் 16 பவுண்டு ஆனது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேஷம் கட்டிய ஏஜென்ட் தளங்கள் வரும். அங்கே கட்டும் கூடுதல் பணம் தண்டம்.

பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப்பைச் செயலி போன் வழியாகப் படிக்கும்போதுதான் பலருக்கும் தகராறு. போனின் உறையைக் கழற்றிவிட்டு, பாஸ்போர்ட் மேல் ஒட்டி வைத்து, அசைக்காமல் பிடியுங்கள். பாஸ்போர்ட் எண்ணைக் கையால் அடித்தால் ஆங்கில 'ஓ' எழுத்தையும் பூஜ்ஜியத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் விமான நிறுவனத்தின் கணினியில் அனுமதி காட்டாது, போர்டிங் பாஸும் கிடைக்காது.

பெரும்பாலும் சீக்கிரமே பதில் வந்துவிடும். ஆனாலும் 3 வேலை நாள் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கிடைத்தால் 2 வருஷம் செல்லும். ஒவ்வொரு தடவையும் 6 மாதம் வரை தங்கலாம். நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய ஈடிஏ செல்லாது, புதிதாகத்தான் எடுக்கணும். ஹீத்ரோவில் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் விமானம் மாறுபவர்களுக்கு இது தேவையில்லை.