மண்டியிட்டுப் பார்த்த பூ

இன்று காலை ஒரு பூவைப் பார்ப்பதற்காக ஈர மண்ணில் மண்டியிட்டேன்.

மஸ்காரி. திராட்சை ஹயசிந்த் என்றும் சொல்வார்கள். நின்றபடி பார்த்தால் தரையில் சிந்திய நீல மை, அவ்வளவுதான்.

குனிந்தால்தான் தெரிகிறது. திராட்சைக் குலை போன்ற கொத்தில் ஒவ்வொரு பூவும் கவிழ்த்து வைத்த குட்டிப் பானை. வாயோரத்தில் நகக்கீறல் போல ஒரு வெள்ளை விளிம்பு. உச்சியில் இருப்பவை மட்டும் வெளிறி, வாய் திறக்காமல் இருக்கின்றன. அவை விதை தராத மலட்டுப் பூக்கள்.

இலையுதிர் காலத்தில் 8 செ.மீ. ஆழத்தில் 10 கிழங்குகளைப் புதைத்திருந்தேன். குளிருக்கு முன்பே இலைகள் எட்டிப் பார்த்தன. அவசரக் குடுக்கைகள், கருகித்தான் போகும் என்று கைகழுவியிருந்தேன். பார்த்தால் அதுதான் அவற்றின் வழக்கமாம்!

டூலிப் நம் உயரத்துக்கு எழும்பி வந்து நிற்கும். ஸ்னோடிராப், குரோகஸ், இந்த மஸ்காரி போன்ற குட்டைப் பூக்கள் எல்லாம் நம்மைக் கீழே வரவழைக்கின்றன. எனக்கு இந்தத் திமிர்தான் பிடித்திருக்கிறது.

பூ உதிர்ந்த பிறகு இலைகள் வாரக்கணக்கில் அலங்கோலமாகக் கிடக்கும். வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அவைதான் கிழங்கில் சேர்க்கின்றன. அதனால் கத்தரிக்கோலை இப்போதே ஒளித்து வைத்துவிட்டேன்.

முழங்காலில் மண் இன்னும் காயவில்லை.