காளி கோயிலடியில் இறக்கிவிடுங்கோ

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொன்னால் அப்பா முதலில் கேட்பது, "பாதை எத்தனை மணிக்கு?" என்றுதான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாயிற்று. 396 மீற்றர், இலங்கையிலேயே நீளமான பாலம் என்ற பெயரும் எடுத்தாயிற்று. அப்பாவுக்கு மட்டும் அங்கே இன்னும் பாதைதான் ஓடுகிறது.

வாகரை, வெருகல், மூதூர் தாண்டி, அப்பா நம்பாத அந்தப் பாலத்தையும் தாண்டித் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது மத்தியானம். மாமி போனில் சொல்லியிருந்தார்: "ஓட்டோக்காரனிட்ட விலாசம் ஒண்டும் சொல்லாதை. காளி கோயிலடி எண்டு சொல்லு, போதும்." போதுமாகத்தான் இருந்தது. மக்கெய்சர் விளையாட்டரங்குக்கு அருகே, கண்ணைப் பறிக்கிற நிறங்களோடு பத்திரகாளி அம்மன் கோபுரம் தெரிந்தது. அதன் முன்னால் மாமி, கையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் இராகுகாலம் மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். காளிக்கும் துர்க்கைக்கும் எலுமிச்சை விளக்கு ஏற்றுகிறவர்கள் தேடிப் பிடிக்கிற நேரம் அது. எனக்கு அப்படி நேர்த்தி ஒன்றும் இல்லை. மாமிக்கு இருந்தது, என்ன என்று கேட்டால் சொல்லமாட்டார். பழத்தை இரண்டாக வெட்டி, சாற்றைப் பிழிந்துவிட்டு, மூடியை உட்புறம் வெளியே வரும்படி மெல்லத் திருப்பிக் கிண்ணம்போல ஆக்கி நெய் விடவேண்டும். நான் திருப்பிய முதல் மூன்றும் கிழிந்தன. "தோலைப் பாத்து வாங்கவேணும், தடிச்ச தோல் பிளக்கும்" என்று சொல்லிவிட்டு மாமி என் பங்கையும் தானே செய்தார். பலியின் இடத்துக்கு வந்த பொருள்கள் எலுமிச்சையும் நீற்றுப்பூசணியும். குங்குமம் தடவி வெட்டுவது அதற்காகத்தான். அதே பழத்தை விளக்காகவும் ஆக்கியது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை.

உள்ளே போனதும் நான் அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன். தூணிலும் விதானத்திலும் சுதைச் சிற்பமும் வர்ணமுமாக நிறைந்திருக்கின்றன. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வெறும் சுவர் தேடவேண்டும். கொஞ்சம் கூடிப்போயிற்று என்றுகூடத் தோன்றியது. ஆனால் மணி அடித்து, திரை விலகி, கற்பூரம் காட்டும்போது அந்த நிறமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. கறுப்பும் சுடரும்தான் மிச்சம்.

நான் வளர்ந்த ஊரில் அம்மன் என்றால் கண்ணகி. வருஷத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். கப்புகனார் பூசை செய்வார், கண்ணகி கதையான வழக்குரையைப் பாடுவார்கள், கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளைத் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டு ஆற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்தால் அடுத்த வைகாசிவரை அந்தப் பக்கம் சத்தமாகப் பேசவே எங்களுக்குப் பயம். இங்கே பார்த்தால் காளியிடம் பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் வந்து கும்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள். மீன் வாங்கப் போகிற வழியில் ஒருவர் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். ஒரு அம்மா தூணோடு சாய்ந்து, வாய்விட்டே, மருமகளைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்டதற்கு அம்பாள் என்னை மன்னிக்கவேண்டும். காளியிடம் இத்தனை உரிமையாகப் பேசலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அதைத்தான் மாமியிடம் கேட்டேன். வீதியைச் சுற்றி வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"உங்களுக்குப் பயமில்லையா மாமி?"

"என்னத்துக்குப் பயம்? இரத்தபீசன்ட கதை தெரியுமோ உனக்கு?"

தெரியும். ஆனாலும் சொல்லவிட்டேன், மாமி ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர், நிறுத்த முடியாது. அவனுடைய இரத்தம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தால் அதிலிருந்து அவனைப்போலவே இன்னொரு அசுரன் எழும்புவான். வெட்ட வெட்டப் பெருகினான். தேவியின் நெற்றியிலிருந்து தோன்றி, சண்டனையும் முண்டனையும் கொன்று சாமுண்டி என்று பெயரெடுத்த காளி, வாயைப் பிளந்து, ஒரு சொட்டும் நிலத்தில் படாமல் குடித்து முடித்தாள். "நாக்கை ஏன் நீட்டினவள் எண்டு விளங்கினால் பயம் வராது பிள்ளை. ஒருத்தியாவது அதைக் குடிக்கத்தானே வேணும்?"

பிறகு இலக்கணத்துக்குத் தாவினார். 'பத்ர' என்ற வடசொல்லுக்கு மங்களம், நன்மை என்று பொருள். தக்கன் வேள்வியை அழிக்க வீரபத்திரரோடு புறப்பட்டவள் பத்திரகாளி. இருவர் பெயரிலும் இருக்கிறது அந்தச் சொல். "பத்திரமாப் போட்டு வா எண்டு சொல்லுறமே, அதுவும் இதுதான்" என்றார். இத்தனை வருஷம் அந்தப் பெயரில் சூலத்தையும் மண்டையோட்டையும் மட்டும் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் 'பத்திரம்' நின்றிருக்கிறது.

திருவாலங்காட்டுக் கதையை நான் எடுத்தேன். சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கி ஆட, காளி நாணித் தோற்றாள் என்கிற அந்தக் கதை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆடத் தெரியாமல் தோற்கவில்லையே. மாமி சிரித்தார், பதில் சொல்லவில்லை. "நவராத்திரிக்கு வா, கும்பத்துமால் பாக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டார். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, அம்மனைக் கும்பத்தில் எழுந்தருளப் பண்ணி, இரவுப் பூசை வைத்து, பிறகு கும்பத்தைத் தலையில் தூக்கி ஆடி வருவார்கள். கோயிலை விட்டு அவள் தெருவுக்கே வந்துவிடுகிறாள். மட்டக்களப்பில் சாத்திய கதவு பார்த்து வளர்ந்தவளுக்கு இது கேட்கவே புதுமைதான்.

அடுத்த நாள் காலை கோணேசர் கோயிலுக்குத் தனியாகப் போனேன். மாமிக்கு முழங்கால் வலி, மேடு ஏறமாட்டார். கோயிலுக்குப் போகிற வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான்; அதன் வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல் இருக்கிறது. அதிலுள்ள சிதைந்த தமிழ் வரிகளைத்தான், 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்ற பாட்டு என்று ஊர் படிக்கிறது. சம்பந்தர் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622க்கும் 1624க்கும் இடையில் இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன; சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் மட்டுமல்ல, கோணேசரின் தேவி மாதுமை அம்பாளும். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல். ஏறக்குறைய முந்நூற்று முப்பது வருஷம் அவள் நிலத்துக்குள் இருந்திருக்கிறாள். எங்கள் கண்ணகிக்கு ஒரு வருஷம்தான்.

நான் போனது பக்கத்திலுள்ள சங்கரி தேவிக்காக. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் பதினெட்டுச் சக்தி பீடத் துதி, இலங்கையின் சாங்கரியிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து வருகிற யாத்திரைக்காரர் பலரும் இதற்கென்றே வருகிறார்கள். அந்தச் சுலோகத்தை மாமி ஒரு துண்டில் எழுதி, தேங்காய், வெற்றிலை, வாழைப்பழத்தோடு பையில் வைத்துத் தந்திருந்தார்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. ஆளைக் கண்டு ஓடாத மான்கள். படம் எடுக்கிறேன் என்று பையைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது வெற்றிலையும் பழமும் போய், சுலோகமும் பாதி போய், தேங்காய் மட்டும் உருண்டு கிடந்தது. மாமிக்குப் போன் எடுத்தேன். "வாழைப்பழத்தை ஏன் காட்டினனீ?" என்றார். துண்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வழியில் கடையில் இன்னொரு தட்டு வாங்கினேன். சங்கரி தேவி சந்நிதி சின்னது. நான் போன நேரம் கூட்டமும் இல்லை. கீழே பாறையில் அலை மோதுகிற சத்தத்துக்குள் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். என்னுடையதைச் சொன்னேன், மாமியுடையதைச் சொன்னேன், அப்பாவுடையதையும்.

பின்னேரம் பஸ் கிண்ணியாவை நெருங்கும்போது போன் அடித்தது.

"எங்க நிக்கிறாய்? பாதையில ஏறிட்டியா?"

பாலத்தின் நடுவில் இருந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர்.

"ஏறிட்டன் அப்பா" என்றேன்.