ஸ்ட்ராட்டில் ஒரு ஹம்பக்கர்: பிக்கப் தேர்வும் வயரிங்கும்

வேலைக்கு எடுத்தது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிதார். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் காயிலும். சிங்கிள் காயிலில் ஒரு சுருள், ஹம்பக்கரில் இரண்டு. மெல்லிசை மேடையில் ஒரே இரவில் சுத்தமான கார்டும் (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) வேண்டும், அடர்ந்த டிஸ்டார்ஷனும் (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலி) வேண்டும். முதல் வேலைக்கு நெக் (கழுத்துப் பக்கம்), மிடில் (நடு) பிக்கப் இரண்டும் அருமை. பிரிட்ஜ் (கம்பிகள் தாங்கி நிற்கும் பாலத்தின் பக்கம்) பிக்கப்பில்தான் தொல்லை: ஆம்ப்ளிஃபயரில் கெயினை (சிக்னல் பெருக்கத்தை) ஏற்றியதும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் மேலே வந்துவிடுகிறது. எனவே பிரிட்ஜை மட்டும் ஹம்பக்கராக மாற்ற முடிவு. கிப்சன் கிதார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. இரண்டு காயில்களும் எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்த் துருவம். அதனால் இரைச்சல் கழிந்து, கம்பியின் ஒலி கூடிவிடும்.

கடையில் பலரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ ஓம்?" காயிலின் மின்தடை கூடினால் சத்தமும் கூடும் என்ற கணக்கு அது. அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது. காயிலில் சுற்றும் 43 கேஜ் செம்புக் கம்பி 42 கேஜைவிட மெல்லியது, அதே நீளத்துக்குக் கூடுதல் ஓம் காட்டும். காந்தத்தின் வலிமையோ மீட்டரில் தெரியவே தெரியாது. ஒரே வகைச் செம்புக் கம்பி, ஒரே வகைக் காந்தம் உள்ள பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் ஓம் உதவும், மற்றபடி அது தோராயக் குறிப்புதான்.

இந்தக் கிதாரின் சிங்கிள் காயில்கள் 6 கிலோ ஓம் அருகே. பக்கத்தில் 16 கிலோ ஓம் ஹம்பக்கரை வைத்தால் ஸ்விட்ச் மாற்றும்போதெல்லாம் சத்தம் எகிறும், பாடகர் திரும்பிப் பார்ப்பார். எனவே அல்னிகோ 5 (உலோகக் கலவை) காந்தம், 8 முதல் 9 கிலோ ஓம், நான்கு வயர் உள்ளது தேர்வு. தடித்த தாழ்சுருதி மெட்டல் இசை மட்டுமே வாசிப்பவருக்கு இது போதாது. செராமிக் காந்தமோ, ஈஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்போ சரி. ஆக்டிவுக்கு 9 வோல்ட் பேட்டரியும் 25 கிலோ ஓம் பாட்டும் (சத்தத்தையும் டோனையும் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) வேண்டும். அந்தப் பாட்டில் சாதாரண பிக்கப்பை இணைத்தால் ட்ரெபிள் செத்துப்போகும்.

வாங்கும் முன் பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 52 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அகல வகை, அதாவது துருவ இடைவெளி சுமார் 53 மில்லிமீட்டர் உள்ளது எடுக்க வேண்டும். பிக்கார்டுக்கு (பிக்கப்புகள் பொருத்திய முன்புறத் தகட்டுக்கு) அடியில் மரம் ஹம்பக்கர் அளவுக்குக் குடையப்பட்டிருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். புது பிக்கார்டு எப்படியும் தேவை.

வயரிங்கில்தான் நேரம் போகும். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் ஏற்றது, சிங்கிள் காயிலுக்கு 250. எல்லாவற்றுக்கும் 500 போட்டால் நெக் பிக்கப் காதைக் கீறும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் 5 நிலை ஸ்விட்சில், வழக்கமாக டோன் பாட்களுக்குப் போகும் இரண்டாம் பகுதியை இதற்குப் பயன்படுத்தலாம். அதன் பொது முனையை முதல் பகுதியின் பொது முனையோடு சேர்த்து, நெக், மிடில் முனைகளை ஒன்றாக்கி, அங்கிருந்து 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குக் கொடுக்க வேண்டும். சிங்கிள் காயில் வரும் நிலைகளில் மட்டும் 500ம் 470ம் இணையாகி 242 ஆகிவிடும். பிரிட்ஜ் தனியாக ஒலிக்கும்போது 500 அப்படியே நிற்கும். இப்படிச் செய்தால் மொத்தத்துக்கும் ஒரே டோன் பாட்தான், அதில் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், வெள்ளையும் சிவப்பும் சேரும், பச்சையும் வெற்று வயரும் கிரவுண்ட். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெற்று வயரும் கிரவுண்ட்.

சோல்டர் வைக்கும் முன் ஃபேஸ் சோதனை, அதாவது பிக்கப்புகளின் சிக்னல் ஒரே திசையில் இருக்கிறதா என்ற சோதனை, அவசியம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப்பின் சிக்னல், கிரவுண்ட் வயர்களில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப் மேல் கிடத்திச் சட்டென்று எடுங்கள். மூன்று பிக்கப்பிலும் எண் ஒரே பக்கம் ஏறவோ இறங்கவோ வேண்டும். ஹம்பக்கர் மட்டும் மாறினால் மிடிலோடு சேரும்போது ஒலி மூக்கால் பேசும். டங்கன் என்றால் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் தீரும். வெற்று வயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். நான்கு வயர் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

கிரவுண்ட் வயர் ஒட்டும் பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, சூடான முனையால் சில விநாடிகளில் முடிக்க வேண்டும். சிறிய 25 வாட் சோல்டரிங் இரும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஈயம் உருகும் முன் பாட்டின் உட்புறம் கெட்டுவிடும்.

கடைசியாக உயரம். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையில்) கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறோம். பிரிட்ஜ் ஹம்பக்கர் ஆறாம் கம்பிப் பக்கம் 2, முதல் கம்பிப் பக்கம் 1.5 மில்லிமீட்டர். நெக்கில் 2.4, 2. சிங்கிள் காயிலில் துருவங்களே காந்தம் என்பதால் அதிகம் உயர்த்தினால் கம்பியை இழுக்கும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாம் கம்பி இரட்டைச் சுருதியில் நடுங்குவது அதனால்தான், இன்டோனேஷனைத் (பிரிட்ஜில் கம்பி நீளத்தைச் சுருதிக்குச் சரிசெய்வதை) திருகி அது போகாது. நெக்கை அரை மில்லிமீட்டர் தாழ்த்தியதில் நடுக்கம் நின்றது, பிரிட்ஜோடு சத்தமும் சமமாகிவிட்டது.