சர்வர் வாங்கும் முன் இரண்டு கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்குச் சர்வர், அதாவது அவர்களின் இணையதளத்தையோ கணக்கையோ தாங்கும் பொதுக் கணினி, அமைத்துத் தருவது என் தொழில். பெரும்பாலும் கோவை, திருப்பூர் வட்டாரத்தில்தான் வேலை. அழைக்கும் முதலாளிகள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள்: "மாதம் எவ்வளவு ஆகும் தம்பி?" நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். சர்வர் நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? எத்தனை மணி நேரத்துக் கணக்கு அழிந்துபோனால் கையால் மறுபடி ஏற்றிக்கொள்ள முடியும்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் விலை பேசுவது வீண் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

ஒரு பேக்கரியின் இணையதளத்தில் இருப்பது முகவரி, தொலைபேசி எண், கேக் படங்கள். ஒரு மாலை முழுவதும் அது திறக்காவிட்டாலும் கடையில் விற்பனை நடக்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் அதற்குத் தாராளமாகப் போதும். அவர்களிடம் போய்க் கிளவுட் (பெரிய நிறுவனங்களின் சர்வர்களை இணையம் வழியே தேவைக்கேற்ப வாடகைக்கு எடுப்பது) என்று பேசி விற்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் நிலைமை வேறு. சர்வர் அலுவலக மூலையில் இருந்தது. தையல் பிரிவிலிருந்து பறந்துவரும் பஞ்சு விசிறியில் படிந்து பெட்டி சூடேறும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியை ஒரு பழைய யு.பி.எஸ். தாங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார் முதலாளி. கணக்குப் பிரிவில் நெடுங்காலமாக இருக்கும் அக்காதான் தெளிவாகச் சொன்னார்: "தூத்துக்குடிக்கு லாரி கிளம்புவதற்குள் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் கையில் இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் அரை நாள் நின்றாலும் சமாளித்துக்கொள்வோம்." எனக்கு வேண்டிய விவரம் எல்லாம் அதிலேயே இருந்தது. சர்வரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் உட்கார வேண்டியது அந்த அக்காவின் மேசைக்கு எதிரே.

ஆர்டர்களைக் கையாளும் மென்பொருளை மும்பையில் ஒரு வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது பெரிய சர்வர் ஒன்றில் நமக்கென்று தனியாகப் பிரித்து வாடகைக்குத் தரும் பங்குக்கு, மாற்றினோம். முன்பு இதற்குப் பலர் சிங்கப்பூரில் இருக்கும் சர்வர்களைத்தான் நாடினார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, புனே, மும்பை மூன்றிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் தரவு மையங்களைத் திறந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. பிரவுசரில் ஓடும் மென்பொருளுக்கு மும்பை வரை போய்வரும் சில பத்து மில்லி விநாடிகள் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் கணக்கு எழுதும் டாலி மென்பொருள் அப்படியல்ல. ஓர் அறிக்கையைத் திறப்பதற்கே அது கோப்புகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்துக்கொண்டே போகும். நிரல் திருப்பூரிலும் கோப்பு மும்பையிலும் இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தாமதம் சேர்ந்து திரை உறைந்து நிற்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் டாலியை அலுவலகத்திலேயே விட்டோம்: பஞ்சு வராத அறை, புதிய யு.பி.எஸ்., அன்றாடம் வெளியே போகும் பேக்கப், அதாவது தரவின் மாற்றுப் பிரதி. கம்பெனிகளின் மின்னணுக் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. இது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதால் அதையும் கவனித்தோம்.

சர்வரை வாடகைக்குத் தரும் விற்பனையாளர்கள் அது 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி கூறுவார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்பதே அதன் கணக்கு. மீறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு தள்ளுபடிதான்; தவறிப்போன கப்பலுக்கு ஈடு கிடைக்காது. தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கூட்டம் ஏறும் ஆன்லைன் ஜவுளிக் கடைக்குக் கிளவுடின் மணிக்கணக்கு வாடகை ஒரு வரம். ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேலை இருக்கும் இடத்தில் நிலையான மாத வாடகைதான் பொதுவாக மலிவு. கிளவுடிலிருந்து வெளியே போகும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைப் பலர் முதல் பில்லைப் பார்த்துத்தான் அறிகிறார்கள்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 'பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேறு ஊரில், வேறு நிறுவனத்திடம், வேறு கடவுச்சொல்லோடு இன்னொரு பேக்கப் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை நான் விடுவதில்லை.

திருப்பூர் நிறுவனத்தில் டொமைன் (இணையதளத்தின் பெயர்), வி.பி.எஸ்., பேக்கப் மூன்றும் கம்பெனியின் பெயரில், கம்பெனியின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன. இணையதளத்தை வடிவமைத்தவரின் சொந்தக் கணக்கில் டொமைன் மாட்டிக்கொண்டு, அவர் விலகிப்போனதும் தவித்த வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அந்த அக்காவே பழைய கணினி ஒன்றில் பேக்கப்பை மீட்டெடுக்கிறார். கடைசி இன்வாய்ஸ் எண் சரியாக வருகிறதா என்று பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது வராத மாதத்தில் நான் நேரில் போய்விடுகிறேன்.